மச்சானுக்கும் சேர்த்து ஒரு குரல்

அந்தக் கட்டடத்தில் பயப்படுகிற வேலையை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மூன்றாவது மாடி டெய்லர். மற்றவர்களுக்கு மிச்சம் மீதி வைக்காமல் எல்லாப் பயத்தையும் அவரே பட்டுவிடுவார். தெருவில் லாரி போனால் எழுந்து நிற்பார். மேல் வீட்டில் மிக்ஸி ஓடினால் கட்டிங் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் தடித்த ஜீன்ஸ் துணியைத் தைக்கும்போது சொந்த மிஷினே கொஞ்சம் அதிகமாக அதிர்ந்துவிட்டது. அதை நிலநடுக்கம் என்று எடுத்துக்கொண்டு, உதட்டில் குண்டூசிகளோடு தெருமுனை வரை ஓடியிருக்கிறார். அங்கே நின்றபடி, ஊசி விழுந்துவிடக் கூடாதே என்று வாயைத் திறக்காமல், "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று ஊரையே எச்சரித்திருக்கிறார்.

சிரித்தவர்கள் உண்டு. அதிக நேரம் சிரித்தவர்கள் கிடையாது. போன வருஷம் நடந்தது அப்படி.

போன வருஷத்து நிலநடுக்கத்தில் இவர்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கட்டடம், இஸ்திரி போட்டு மடித்த துணி மாதிரி, மாடி மேல் மாடியாக உட்கார்ந்துவிட்டது. தெருவே திரண்டு தோண்டியது. மண்வெட்டி கிடைத்தவர் மண்வெட்டியால், கிடைக்காதவர் சாப்பாட்டுத் தட்டால். ஒரு பகல் முழுக்க ஒரு மூலையில் தோண்டினார்கள். அந்த மூலை வீட்டுக்காரர்கள் முந்தின நாளே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எதிர்மூலையில் யாரும் தோண்டவில்லை. அங்கே இருந்தவள் டிரைவரம்மாவின் தங்கை. "அந்தப் பொண்ணு முதல்லயே வெளிய வந்துருச்சு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. சொன்னவருக்கே தெரியுமோ என்னவோ.

டிரைவரம்மா இரண்டாவது மாடி. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவர் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு தெரு தள்ளிப் போகிற சைக்கிள்காரர்கூட ஓரமாக ஒதுங்குவார். தங்கையின் காரியங்கள் முடிந்ததும் அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்து எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கவைத்தார். சைக்கிள் ஷெட்டில் ஒரு இரும்புப் பெட்டி வந்தது. அதில் கயிறு, கடப்பாரை, ஜாக்கி, ஹெல்மெட், டார்ச், மருந்துகள், பிஸ்கட். பிறகு ஒரு சட்டம் போட்டார். ஆட்டம் நின்றதும் எல்லாரும் எதிர் மைதானத்துக்கு வரவேண்டும். வீடு வீடாக அவர் கூப்பிடுவார். அவரவர் இருப்பதை அவரவர் வாயால்தான் சொல்லவேண்டும்.

"புருஷன் பொண்டாட்டிக்குச் சொல்லக்கூடாது. அம்மா பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. பேசத் தெரியாத குழந்தைன்னா தூக்கிக் காட்டணும். எல்லாரும் இருக்காங்கன்னு ஆச்சுன்னா, அப்புறம் ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. பர்ஸ் விட்டுட்டேன், பால் அடுப்புல இருக்குன்னு யாராவது கிளம்பினீங்க, நானே காலை உடைச்சு உட்காரவச்சிருவேன்."

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கூப்பிடுவார். திறந்தால், பின் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது தெரிகிற வெறும் ஆகாயம் கண்ணில் படும். ஒரு குரல் குறைந்தாலும் எல்லாரும் மறுபடி மாடியேறி, முதலிலிருந்து இறங்கி வரவேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு எமனாக வாய்த்தவர் டெய்லரின் மச்சான். டெய்லர் மனைவியின் அண்ணன். பாதி ஆயுளை நூல் மில்லில் கழித்ததில் காது இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். காதில் மிஷின் மாட்டினால் கேட்கும். ஆனால் மாட்டமாட்டார். "உலகத்துல பேசறவங்க எல்லாம் எனக்கு எதிராத்தான் பேசறீங்க. அதை எதுக்கு நான் பேட்டரி போட்டுக் கேக்கணும்?" என்பார். ஒத்திகைக்குக் கூப்பிட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

"நிஜமா ஆடும்போது கூப்பிடு மாப்ளே, வரேன். ஆடாத பூமிக்கு எதுக்கு ஓடணும்?"

முதல் ஞாயிறு அவர் ஒருத்தருக்காகக் கட்டடமே மறுபடி மாடி ஏறியது. நான்காவது மாடிக்காரர்கள் பார்த்த பார்வையில் டெய்லரின் சட்டை பொசுங்காதது அதிசயம். இரண்டாவது ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு, டிரைவரம்மா "டெய்லர் வீட்டு மச்சான்!" என்று கூப்பிட்டபோது, முதல் மாடிப் பல் டாக்டரின் அகலமான முதுகுக்குப் பின்னால் குனிந்து, தொண்டையைக் கிணற்றுக்குள் இறக்கி, "இருக்கேன்!" என்று ஒரு குரல் கொடுத்தார் டெய்லர். அச்சு அசல் மச்சான் குரல். மச்சானே கேட்டிருந்தால், அவருக்குத்தான் கேட்காதே, சரி, கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார். பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மாடி ஏறும் கஷ்டம் மாடி ஏறுகிறவர்களுக்குத்தானே தெரியும்! அன்றிலிருந்து டெய்லர் மைதானத்தில் இரண்டு ஆள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. வேலைநாள், மத்தியானம். டெய்லரின் மனைவி ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட் நர்ஸ், அவள் அங்கே. மச்சான் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். டெய்லர் முன்னறையில் லைனிங் துணிச் சுருளை மேசைமேல் பிரித்து, ஒரு முனையைக் கையில் பிடித்திருந்தார்.

முதலில் கத்தரிக்கோல் நடந்தது. மேசை மேல் தானாக, நண்டு மாதிரி, பக்கவாட்டில். டெய்லர் அதையே பார்த்தார். வருஷம் முழுக்க லாரிக்கும் மிக்ஸிக்கும் பயந்தவருக்கு, அது வந்து நிற்கும்போது பயம் உடனே வரவில்லை. அடுத்த நொடி, எங்கிருந்தோ ஒரு உறுமல், தரைக்கு அடியில் ஒரு பேருந்து கியர் மாறாமல் மேட்டில் ஏறுகிற மாதிரி. சுவர் ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. அப்போது வந்தது பயம், சேர்த்துவைத்த வட்டியோடு.

மேசைக்கு அடியில் போகவேண்டும் என்பதுதான் பயிற்சி. மிக்ஸிக்குத் தவறாமல் மேசைக்கடியில் போன மனுஷர் நிஜ நிலநடுக்கத்துக்கு வாசலைப் பார்த்து ஓடினார். "மச்சான்! மச்சான், எந்திரிங்க!" என்று கத்தியது நிஜம். திரும்பிப் பார்க்காமல் கத்தினார் என்பதும் நிஜம். படியில் காலே பாவவில்லை. கைப்பிடிச் சுவர் அவரை இடித்தது, அவர் அதை இடித்தார். மேலேயிருந்து காரை பொடிப்பொடியாகக் கொட்டியது. பின்னாலேயே, தொப், தொப், தொப் என்று படிப்படியாகக் கனமான காலடி.

"வாங்க மச்சான், வாங்க! அப்படியே வந்துருங்க!"

மச்சான் வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தொப், தொப். டெய்லருக்கு அதில் ஒரு ஆறுதல்கூட வந்துவிட்டது. கீழே இறங்கி, தெருவைத் தாண்டி, மைதானத்துக்குள் விழுந்தபோது, தரை நின்றுவிட்டிருந்தது. அவர் நிற்கவில்லை. அவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

புழுதி. எங்கோ ஒரு கார் அலாரம் விடாமல் அலறியது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு வந்தார்கள். செருப்பில்லாமல், சோப்பு நுரையோடு, ஒருவர் சாப்பிட்ட கையை உயரத் தூக்கியபடி. கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் மாடிப்படிப் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல், டெய்லர் கத்தரித்தால்கூட அவ்வளவு நேராக வராது.

காலை ஷிப்ட் முடித்து வந்திருந்த டிரைவரம்மா மைதான ஓரக் கல்மேல் ஏறினார். விசில் ஊதினார். கண்ணை மூடினார். கூப்பிட ஆரம்பித்தார்.

மைதானமே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு "இருக்கேன்"னுக்கும் யாரோ ஒருவர் மூச்சு விட்டார். கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். "டெய்லர்!" "இருக்கேன்!" "டெய்லர் வீட்டு மச்சான்!" "இருக்கேன்!" "டெய்லர் வீட்டம்மா?" "ஆஸ்பத்திரியில டூட்டி!" கூப்பிட்டு முடித்ததும் டிரைவரம்மா கண்ணைத் திறந்தார். அவர் முகம் போன வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது.

"எல்லாரும் இருக்கோம். எல்லாரும் இருக்கோம், என்ன? இனி ஒருத்தரும் உள்ள போகக்கூடாது."

சிலர் அழுதார்கள். இரும்புப் பெட்டியை ஷெட்டிலிருந்து இழுத்துவந்து திறந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்து நின்றவர்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பல் டாக்டர் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு சுற்றி வந்தார். வழக்கமாக அவர் கையால் இனிப்பு கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

"சாப்பிடுங்க டெய்லர், கை இப்படி நடுங்குது. இந்தாங்க, உங்க மச்சானுக்கும் சேர்த்து."

டெய்லர் இரண்டு பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டார். தன்னுடையதை மடியில் வைத்தார். மற்றதை இடதுபக்கம் நீட்டினார். "இந்தாங்க மச்சான்." யாரும் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். கை காற்றில் நின்றது.

திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் மச்சான் இல்லை. தன் வலதுகை இன்னும் எதையோ இறுகப் பிடித்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. லைனிங் துணியின் முனை. அது மைதானத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வாசல்வழியாகக் கட்டடத்துக்குள் போனது. கடைசிப் படியில், தொப், தொப் என்று அவர் பின்னாலேயே இறங்கிவந்த துணிச் சுருள் மல்லாந்து கிடந்தது.

ஈரக்குலை நடுங்குவது என்று சும்மா சொல்வார்கள். டெய்லருக்கு அன்று அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கமாக நடுங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. காதுக்குள் ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. "இருக்கேன்!" மச்சான் குரல். தன் தொண்டை. யோசிக்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கத்தில், கூப்பிட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் சட்டம் கோணிப்போயிருந்தது. கொடியில் மச்சானின் பனியன் ஆடிக்கொண்டிருந்தது.

சொல்லவேண்டும். யாரிடம் சொல்ல? டிரைவரம்மாவிடமா? தங்கை உயிரோடு வெளியே வந்துவிட்டாள் என்று யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையை வருஷம் முழுக்கத் தூக்கிச் சுமக்கிற அந்த அம்மாவிடமா? சொல்லாமல் தானே உள்ளே ஓடிவிடலாமா என்று நினைத்தார். கால் எழவில்லை. யாராவது கவனிக்கட்டும், யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள், அதுதான் சொல்லியாகிவிட்டதே! அந்த நிம்மதியில் மைதானமே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

தரை மறுபடி ஒருமுறை சிலிர்த்தது. லேசாகத்தான். கட்டடத்திலிருந்து ஒரு கண்ணாடி விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தில் டெய்லரின் வாய் திறந்துகொண்டது.

"டிரைவரம்மா!" குரல் கீச்சென்று வந்தது. "டிரைவரம்மா, மச்சான் இல்லை!"

"என்னண்ணே சொல்றீங்க? இப்பத்தானே பதில் சொன்னாரு."

"அது நான். நான்தான் சொன்னேன். எப்பவுமே நான்தான் சொல்லுவேன்." வார்த்தைகள் இடறி விழுந்தன. "அவரு மேல இருக்காரு. உள்ளறையில. காது மிஷின் மாட்டாம தூங்கிட்டு இருந்தாரு. நான் இறங்கி வந்துட்டேன். பின்னாடியே வராருன்னு நினைச்சேன்."

பிஸ்கட் தின்கிற சத்தம் நின்றது. இந்த மாதிரி மௌனத்தைப் பொறுக்கமாட்டாத ஒரு ஆள் அங்கே இருந்தார். ஊர்ச் செய்தி அத்தனையையும் உப்பு, காரம் சேர்த்து ஒலிபரப்புவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "நானும் ஒண்ணு சொல்லிடறேன். எங்க வீட்டம்மாவுக்கும் இன்னைக்கு நான்தான் மெல்லிசா குரல் கொடுத்தேன்" என்றார்.

"அடப்பாவி மனுஷா!" என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அவர் தோளில் ஒன்று வைத்தாள். "நான் இங்கதானே கல்லு மாதிரி நிக்கிறேன்! எனக்கென்ன வாயில்லையா?"

"உனக்கு வாயில்லைன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் டிரைவரம்மாவையே பார்த்தார்கள். அவர் கல்லிலிருந்து இறங்கினார். திட்டப்போகிறார் என்று டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் தங்கச்சிக்கும் இப்படித்தான் ஒருத்தர் பதில் சொன்னாரு" என்றார் டிரைவரம்மா. மெதுவாக. அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. பிறகு அவர் பெட்டிக்குள் கையை விட்டு ஹெல்மெட்டுகளை எடுத்தார். "தீயணைப்பு ஆபீசுக்கு யாராவது விடாம போன் போட்டுட்டே இருங்க. லைன் கிடைக்காது, பரவாயில்லை, போடுங்க. டாக்டர், நீங்க என்கூட வாங்க, அடிபட்டிருந்தா பார்க்கணும். கடப்பாரை எனக்கு, ஜாக்கி உங்களுக்கு. ரேடியோ, இந்தா விசில். அந்த விரிசலையே பாரு. அது அசைஞ்சா ஊது. அசையலைன்னா, உன் பொண்டாட்டி மேல சத்தியமா, ஊதாதே."

ரேடியோ விசிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதுவரை அவர் சொல்லி யாரும் எதையும் நம்பியதில்லை. இப்போது இரண்டு உயிர் அவர் வாயை நம்பி உள்ளே போகிறது.

"நானும் வரேன்" என்றார் டெய்லர். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அன்று அவர் வாய் முழுக்க முழுக்க அவர் பேச்சைக் கேட்காமல் நடந்துகொண்டது.

டிரைவரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேன். இப்ப ஹெல்மெட்டைப் போடுங்க."

இறங்கும்போது இல்லாத மாடிப்படி ஏறும்போது முளைத்திருந்தது. ஒவ்வொரு படியும் ஒரு மலை. காலடியில் காரை நொறுங்கியது. சுவரின் விரிசல் வழியாக வெளியே தெரு தெரிந்தது. வீட்டுக்குள் இருக்கும்போது தெரு தெரியக்கூடாத இடம் அது. டெய்லர் முன்னால் போன பல் டாக்டரின் சட்டைப் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினார்.

"டெய்லர், சட்டை கிழிஞ்சுரும்."

"தைச்சுத் தரேன் டாக்டர். எத்தனை சட்டை வேணும்னாலும் தைச்சுத் தரேன். விடச் சொல்லாதீங்க."

"உங்க கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்பகூட நீங்க இவ்வளவு நடுங்கலையே."

"அப்ப மயங்கிட்டேன், டாக்டர்."

மூன்றாவது மாடி. டெய்லர் ஓடிவந்தபோது திறந்து கிடந்த வாசல் கதவு, நிலை கோணியதில், பாதி மூடி இறுகியிருந்தது. டிரைவரம்மா கடப்பாரையை இடுக்கில் கொடுத்து, பேருந்து ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி உடம்பையே திருப்பினார். கதவு கீலோடு கழன்று வந்தது. உள்ளே புழுதிக்குள் மேசை நிற்கிறது, மிஷின் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளறையிலிருந்து ஒரு குரல். அச்சு அசல் மச்சான் குரல். இந்த முறை மச்சானுடையதேதான்.

"யாராவது இருக்கீங்களா? அடேய் மாப்ளே!"

டெய்லர் விழுந்தும் எழுந்தும் உள்ளறைக்குப் போனார். பயத்தில் அவர் வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார், கடிகாரம் முதல் துடைப்பம் வரைக்கும். பீரோவுக்கு நாலு கிளாம்ப். அந்த நாலும் இப்போதும் பீரோவை விடாமல் பிடித்திருந்தன. சுவர்தான் விட்டுவிட்டது. பீரோ ஒரு பாளம் சுவரையும் முதுகில் கட்டிக்கொண்டு கட்டிலின் குறுக்கே விழுந்து கிடந்தது. கட்டில் சட்டம் பாரத்தைத் தாங்கியதால் மச்சான் தப்பினார். ஒரு கால் மட்டும் அடியில்.

"எவ்வளவு நேரமாக் கத்தறேன்!" என்றார் மச்சான். வலியில் முகம் சாம்பலாகியிருந்தது, குரல் மட்டும் குறையவில்லை. "காது கேக்காதவன் நானா, நீயா?"

டெய்லர் என்ன சொன்னாலும் மச்சானுக்குக் கேட்காது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

பல் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார். "விரல் அசையுது. ரத்த ஓட்டம் இருக்கு. ஆனா சீக்கிரம் எடுக்கணும்." டிரைவரம்மா பீரோ விளிம்புக்கு அடியில் ஜாக்கியை வைத்துப் பலகை கொடுத்தார். "அண்ணே, கைப்பிடியை நீங்க பிடிங்க. மெதுவா. நான் சொல்லும்போது மட்டும்."

டெய்லர் பம்பு அடித்தார். பீரோ ஒரு மயிரிழை எழுந்தது. இன்னொரு மயிரிழை. மச்சான் பல்லைக் கடித்தார். அப்போது வெளியே விசில் ஊதியது.

நீளமாக, நடுங்கி, ஒரே மூச்சில். ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டிக் குறைக்காமல் சொன்ன செய்தி அது.

"மேசைக்கடியில!" என்று டிரைவரம்மா கத்தினார். டாக்டரை ஒரு தள்ளு தள்ளினார். "அண்ணே, விட்டுட்டு வாங்க!"

உறுமல் வந்துவிட்டது. தரை குப்புற விழப்போகிற மாதிரி சாய்ந்தது. சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் ஒரேயடியாக இறங்கின. டெய்லருக்கு ஓடவேண்டும் என்று உடம்பின் ஒவ்வொரு தையலும் பிரிந்துகொண்டு கதறியது. கைதான் வரவில்லை. அது தைரியம் என்று யாராவது பிறகு சொன்னால் நம்பவேண்டாம். கை கைப்பிடியோடு விறைத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். விட்டால் ஜாக்கி சரியும், பீரோ மச்சான் காலோடு இறங்கும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது. மூளைக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் கண்ணை இறுக மூடி, "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று சத்தமாக அழுதார். கூரையிலிருந்து ஏதோ ஹெல்மெட்டில் விழுந்தது. மச்சானின் கை அவர் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டது.

"அழாதே மாப்ளே! நான் இருக்கேன்!" என்று கத்தினார் மச்சான். பீரோவுக்கு அடியில் கிடந்துகொண்டு.

நின்றது. நின்ற பிறகும் டெய்லர் கொஞ்ச நேரம் அழுதுகொண்டேயிருந்தார். டிரைவரம்மா மேசைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தார். கைப்பிடியைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார், இன்னொரு பலகையைச் சொருகினார். மூன்று பம்பு. டாக்டர் காலை உருவி எடுத்தார்.

பிடுங்கிய கதவிலேயே மச்சானைப் படுக்கவைத்தார்கள். கடைசிப் படியில் கிடந்த லைனிங் துணியை டாக்டர் போய் எடுத்துவர, அதை இழுத்துச் சுற்றிக் கட்டினார்கள். டெய்லர் போட்ட முடிச்சுகளை ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலால்தான் வெட்டவேண்டியிருந்தது. கீழே இறங்கும்போது முதல் திருப்பத்திலேயே நாலைந்து பேர் எதிரே ஏறி வந்தார்கள், உள்ளே வரக்கூடாது என்ற சட்டத்தைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு. நான்காவது மாடிக்காரர்கள். மச்சானுக்காக மறுபடி மாடி ஏறவேண்டியிருந்தது என்று டெய்லரைப் பார்வையாலேயே பொசுக்கியவர்கள்.

"யாரு உங்களை வரச்சொன்னது?" என்றார் டிரைவரம்மா.

"திட்டறதைக் கீழ வச்சுத் திட்டுங்க. கொடுங்க இந்தப் பக்கத்தை."

ஆம்புலன்ஸ் வராது என்பது தெருவைப் பார்த்ததுமே தெரிந்தது. ஒரு மின்கம்பம் குறுக்கே சாய்ந்து கிடந்தது. கம்பியில் மின்சாரம் இருக்கலாம் என்று, பயிற்சியில் சொன்னபடி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் கதவு கனம், மச்சான் அதைவிடக் கனம். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்தார்கள். வழியில் பேர் தெரியாதவர்கள்கூட வந்து கொஞ்ச தூரம் பிடித்தார்கள். டெய்லரை மாற்றிவிட நாலு பேர் கேட்டார்கள். அவர் தன் மூலையை விடவில்லை. கால் இரண்டும் ஆடின, அவர் ஆடுகிறாரா பூமி ஆடுகிறதா என்று அடிக்கடி நின்று பார்த்துக்கொண்டார். ரேடியோ விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பின்னால் வந்தார். டிரைவரம்மா முன்மூலையில். வழி நெடுக டெய்லரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சந்து முடிகிற இடத்தில் எதிரே ஒரு வெள்ளைச் சீருடை வேகமாக வந்தது. டெய்லரின் மனைவி. முடி கலைந்து, கையில் கையுறையைக்கூடக் கழற்றாமல். அவளைக் கண்டதும் டெய்லருக்கு வந்த பயத்துக்கு முன்னால், மாடியில் வந்தது வெறும் ஒத்திகை.

அவள் முதலில் புருஷனைப் பார்த்தாள், தலை முதல் கால் வரை. பிறகு கதவைப் பார்த்தாள். "அண்ணே!" என்று ஓடிவந்து, நடந்துகொண்டே மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தாள், காலை அழுத்திப் பார்த்தாள், கண் இமையை விலக்கினாள். "எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது? யாரு எடுத்தது?"

"மாப்ளைதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் மச்சான். "பீரோவைத் தனி ஆளாப் பிடிச்சு நின்னான்! இவன் இல்லைன்னா நான் இல்லை!"

தூக்கிவந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. டிரைவரம்மா நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். ரேடியோகூட, அத்தனை பெரிய செய்தியை வைத்துக்கொண்டு, விசிலைக் கடித்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று டெய்லருக்கு ஒரு கணம் தோன்றியது. மச்சான் சொல்வதே போதும், அதுவும் பொய் இல்லை.

"நான்தான் விட்டுட்டு வந்தேன்" என்றார் டெய்லர். "விட்டுட்டு ஓடிவந்துட்டேன். அப்புறம் டிரைவரம்மா கூப்பிட்டப்ப, அவரு இருக்காருன்னு நானே அவரு குரல்ல சொல்லிட்டேன். அதனாலதான் நேரமாயிருச்சு. இல்லைன்னா முன்னாடியே..."

"என்ன சொல்றான்?" என்று மச்சான் தங்கையிடம் கேட்டார்.

அவள் நடையை நிறுத்தவில்லை. புருஷனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு எதுவும் இருந்ததா என்று டெய்லரால் கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவரம்மாதான் முதல்முறையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"என்னங்க" என்றாள் மனைவி, "உங்க பக்கம் தாழுது. அண்ணனுக்குக் கால் கீழ போகக்கூடாது. தூக்கிப் பிடிங்க."

டெய்லர் தூக்கிப் பிடித்தார். கை நடுக்கம் நிற்கவில்லை. கதவு அவர் மூலையில் மட்டும் விடாமல் கிடுகிடுத்தது.

"மெதுவா, மாப்ளே" என்றார் மச்சான். "பூமியே பரவாயில்லை போலிருக்கு."